ஜிங்க்

காசிமேட்டில் இரும்புப் படகுகளின் அடிவயிற்றில்
துரு சுரண்டுவது என் வேலை.
சுத்தியலால் தட்டினால் தகடு சொல்லிவிடும்,
இந்த இடம் கெட்டி, இந்த இடம் பொத்தல் என்று.
இருபத்தாறு வருஷமாய்
காதால்தான் இரும்பு பார்க்கிறேன்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
டீ கிளாஸ் கையை விட்டு நழுவியது.
மனைவிக்குப் போன் போடலாமென்று எடுத்தால்
அவள் பெயர் இல்லை.
திரையில் எழுத்து இருந்தது.
படித்தால் யாரோ.
பதினோரு நிமிஷம் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.
வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள
மீன் கூடைகளுக்கு நடுவே
பெண்டாட்டிக்குப் பெயர் இல்லாதவனாய் உட்கார்ந்திருந்தேன்.

பிரகாசி.

தானாக வந்துவிட்டது,
கரண்ட் வந்ததும் மின்விசிறி சுற்றுகிற மாதிரி.

ஸ்டான்லியில் டாக்டர் நிலோஃபர்
ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
என் தலைக்குள் இவ்வளவு ஓடைகளா?
முருங்கை இலைக்காம்பு போலக்
கிளைவிட்டுக் கிளைவிட்டு
முடியை விட மெலிசாய்.
"உள்சுவர் அரிச்சிருக்கு.
பிரஷர், பீடி. நாம இழுக்கிற ஆக்சிஜன்லயே
சிலது கை குறைஞ்சு அலையும்.
பக்கத்துல கிடைக்கிறதைப் பிடுங்கும்."
"துருவா டாக்டர்?"
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
"கிட்டத்தட்ட" என்றார்.

அப்படிச் சொன்னால் எனக்குப் புரியும்.
படகுக்கு அடியில், சுக்கான் ஓரமாய்
செங்கல் அளவு துத்தநாகக் கட்டி ஒன்றை
போல்ட் போட்டு முடுக்குவோம்.
ஜிங்க் என்போம்.
உப்புத் தண்ணீர் இரும்பைத் தேடி வரும்.
அதற்கு முன்னால் இது போய் நின்றுகொள்ளும்.
ஆறு மாதம் கழித்துப் படகு கரையேறும்போது
இரும்பு அப்படியே இருக்கும்.
ஜிங்க் மட்டும்
எலி கொறித்த சவுக்காரமாய்த் தொங்கும்.
கழற்றித் தூர எறிந்துவிட்டுப்
புதுசு மாட்டுவோம்.
பழைய இரும்புக்காரன்கூட
அதைக் கையில் வாங்கி யோசிப்பான்.

"நெல்லிக்காய்ல இருக்கிற வைட்டமின் சி
இந்த வேலைதான் பார்க்குது" என்றார் டாக்டர்.
வேர்க்கடலையில் ஈ என்று ஒன்று இருக்கிறதாம்,
கொழுப்புக்குள் காவல் நிற்குமாம்.
அது தன்னைக் கொடுத்துத் தளர்ந்தால்
சி வந்து தட்டி எழுப்பிவிடுமாம்.
பாட்டில் பாட்டிலாய் எழுதித் தருவாரென்று
கையை நீட்டினேன்.
"மாத்திரையா முழுங்கினா பக்கவாதம் வராதுன்னு
நிரூபணம் எதுவும் இல்ல.
சாப்பாடா சாப்பிடுங்க.
பிரஷர் மாத்திரையை விடாதீங்க.
பீடியை விடுங்க."
இத்தனை நாளாய் நான்
இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

ஜெயில் ரோட்டுத் தள்ளுவண்டியில்
கால் கிலோ நெல்லிக்காய்,
ஒரு கட்டு முருங்கைக்கீரை,
பீடிக்கு எடுத்துவைத்த காசில் கொய்யாப்பழம் இரண்டு.

இராத்திரி
துருவின் கறை வழிகிற ஜன்னல் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து
பிரகாசி நெல்லிக்காய் நறுக்கினாள்.
பழக்கத்தில் உப்பு ஜாடிக்குப் போன கை
பாதியில் திரும்பியது.
மயக்கம் வந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன்.
மறந்தது என்ன என்று சொல்லவில்லை.

இறால் கம்பெனியில் அவளுக்கும் இருபது வருஷம்.
ஐஸ் தண்ணீரிலும் உப்பிலும் ஊறி ஊறி
நகம் தேய்ந்து, நுனி வெடித்து,
கத்தியைப் பிடித்திருந்த அந்தக் கட்டைவிரலை
எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.
கரையேற்றிய படகுக்கு அடியில்,
மல்லாந்து படுத்தபடி.

வாயில் போட்ட துண்டு
முதலில் துவர்த்தது.

"பிரகாசி."
"என்ன?"
"ஒண்ணுமில்ல."
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி,
"பிரகாசி."
"என்னய்யா வேணும் உனக்கு?"

ஒன்றும் வேண்டாம்.
சும்மா
தட்டிப் பார்த்தேன்.